இசக்கி இடுப்புப் பிள்ளை

பிள்ளை தூங்கிவிட்டது. தூங்கிவிட்டது என்று நம்பிக் காலை அசைத்தால் அப்புறம் வீடு வீடாக இருக்காது, ஆகவே வடிவு அசைக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலை இடது தொடையில், மற்றதெல்லாம் மடியில். அழுது, முறுக்கி, ஓய்ந்து தூங்கும்போது நைட்டியின் முன்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தது, இன்னும் விடவில்லை. தொடை மரத்துப்போய்ப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஊரட்டும். பாளையங்கோட்டை வெயிலில் மத்தியானம் கண்ணயர்கிற பிள்ளையே அதிசயப் பிள்ளை, அதுவும் மின்விசிறி இப்படிக் கடகடவென்று புலம்பிக்கொண்டே சுற்றுகிற வீட்டில். எதிரே மேஜைமேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது, கைக்கு எட்டாத தூரத்தில். திரை கறுத்துவிட்டது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இசக்கி, பெயர்ச்சொல். பக்கத்தில் பொருள். பொருளுக்குக் கீழே மூலம் என்று ஒரு கட்டம், அந்தக் கட்டம் மட்டும் காலி. நாலு மணிக்கு ஆட்டோ வரும். ஆட்டோவில் உலகம்மை மதினி வருவாள், வடிவின் வீட்டுக்காரருக்கு அக்கா, மடியில் ஒரு பைத் தவிட்டோடு. எல்லோருமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய், இந்தப் பிள்ளையை அம்மன் முன்னால் வெறும் தரையில் கிடத்திவிட்டு, வடிவு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். சில நாளாக அவள் தொண்டையில் சோறு இறங்காததற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

மூலம் போடாமல் தாவீது சார் விடமாட்டார். வட்டார வழக்கு அகராதி வேலைக்கு அவர்தான் தலைமை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். கோபமே வராத மனுஷர். காலையில் போனில்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “மத்த கட்டத்தயெல்லாம் எவனும் பாக்க மாட்டான்மா. சண்டைக்கு வாறவன் நேரா மூலத்துக்குத்தான் வருவான். அத மட்டும் சுத்தமாப் போட்டுரு.” சுத்தமாக எப்படிப் போடுவது? யட்சி என்கிற வடமொழிச் சொல் பிராகிருதத்தின் வாயில் நைந்து யக்கி ஆகி, தமிழுக்குள் நுழையும்போது முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு இயக்கி ஆகி, நம் சனங்களின் நாக்கில் இசக்கி ஆனது என்பது ஒரு கட்சி. சமணத் துறவிகளோடு நடந்து வந்தவள் அவள், அவர்கள் படுத்த மலைப்பாறையில் அவளையும் பிள்ளையும் கையுமாகச் செதுக்கி வைத்தார்கள், அவர்கள் போன பிறகும் அவள் போகவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, உலகத்தை இயக்குகிறவள் இயக்கி, அவள் இந்த மண்ணிலேயே முளைத்தவள், யாரும் கூட்டி வரவில்லை என்பது அடுத்த கட்சி. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. முதலாவதுக்குத்தான் கையில் சான்று இருக்கிறது. போன வருஷமாக இருந்தால் வடிவு ஒரு வாய் காபி குடிக்கிற நேரத்தில் போட்டு முடித்திருப்பாள். சாவிக்கும் ஜன்னலுக்கும் போர்த்துக்கீசியம் என்று போட்டபோது கை கூசவில்லை. சாவி வருத்தப்படுமா என்ன? ஆனால் இசக்கிக்கு எதிரே வடசொல் என்று அடிக்கப் போனால், யாரோ வாசலில் நின்றுகொண்டு, ஏம்மா, இது எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. அடிப்பாள், அழிப்பாள். அழித்துவிட்டுப் போய்ப் பால்பாட்டிலைக் கொதிக்க வைப்பாள். இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது.

கேட்கத்தான் கேட்கிறார்கள். எதிர்வீட்டு டீச்சர் கேட்டாள், நல்ல மனசோடுதான் கேட்டாள், கையில் ஒரு கிலுகிலுப்பையும் கொண்டு வந்திருந்தாள். “எந்த ஊருப் பிள்ளன்னு சொல்லுவாங்களா, இல்ல அதெல்லாம் சொல்லக் கூடாதா?” வடிவு யோசிக்காமல், “எங்க ஊருதான் டீச்சர்” என்றாள். சொன்ன பிறகு அடுப்படிக்குள் போய் முகம் கழுவினாள். எதற்குப் பொய் சொன்னோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுசாகத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பதிந்துவிட்டுக் காத்திருந்து, அரசாங்கக் காப்பகத்தில் பெயர் கூப்பிட்டு, ஒரு ஆயா உள்ளேயிருந்து கொண்டுவந்து கையில் கொடுத்த பிள்ளை. ஆயா அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, வளர்க்க முடியாதவர்கள் போட்டுவிட்டுப் போகிற தொட்டில், அதில் கிடந்தது, விடியும் நேரம், துண்டில் நன்றாகச் சுற்றியிருந்தது என்றாள். அப்புறம் கை மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “இது அன்னைக்கே கெடந்தது. நாங்க கழத்தல.” வசம்பு வளையல். சுட்ட வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்தது. பிள்ளைக்கு வயிறு பொருமக் கூடாது, கண்படக் கூடாது என்று எந்தத் தாயும் கட்டுகிறதுதான். கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வடிவு அந்தக் கயிறு இறுகியதும் வேறு கயிறு வாங்கி, அதே வசம்புத் துண்டுகளை எடுத்துக் கோத்துக் கட்டினாள். ஆவுடையப்பன், அவள் வீட்டுக்காரர், புது வசம்பு கடையில் கிடைக்குமே என்றார். கிடைக்கும் என்று அவளும் சொன்னாள். இப்போது அந்த வளையல் அவள் தொடையில் அழுந்திக்கொண்டிருந்தது, மரத்துப்போன தோலிலும் அது மட்டும் தெரிந்தது.

வந்த புதிதில் பிள்ளை அழாது. அதைத்தான் எல்லோரும் மெச்சினார்கள், எவ்வளவு சமத்து, எவ்வளவு சமத்து என்று. பாயில் கிடத்தினால் கிடக்கும். மடியிலிருந்து இறக்கினால் இறங்கும். பசித்தால்கூட ஒரு முனகல், அதற்கு மேல் ஒன்றும் கேட்காது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். டாக்டரம்மா காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வடிவுக்கு மட்டும் தெரிந்தது. அழுதால் யாராவது வருவார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கீழே வைத்தால் வைத்ததுதான், அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று அது இந்தச் சின்ன வயதில் முடிவு கட்டிவிட்டது. ராத்திரியும் பகலும் தூக்கிக்கொண்டே திரிந்தாள். தூக்கித் தூக்கி இடுப்பில் காய்ப்புக் காய்த்துப்போகும் போலிருந்தது. அப்புறம் ஒரு நாள், இப்போதுதான், போன மாசம், குக்கர் விசில் அடிக்கிறதே என்று பாயில் கிடத்திவிட்டு நாலடி வைத்தாள். பின்னால் ஒரு அலறல். திரும்பினாள். பிள்ளை முகம் சிவந்து, இரண்டு கையையும் அவளைப் பார்த்து நீட்டிக்கொண்டு, ஏன் வைத்தாய், ஏன் வைத்தாய் என்று தொண்டை கிழியக் கத்துகிறது. வடிவு ஓடிப்போய் எடுத்தாள். எடுத்துவிட்டு அவளும் அழுதாள், அழுகையோடு சிரிப்பும் வந்தது, குக்கர் தன்பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆவுடையப்பன் குளித்த ஈரத்தோடு ஓடிவந்து, “என்னத்துக்கு ரெண்டு பேரும் அழுதிய?” என்று திகைத்து நின்றார். சொன்னால் புரியாது என்று நினைத்தாள். ஆனால் அவருக்குப் புரிந்தது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பருப்பு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

ஆக, இந்தப் பிள்ளை அழப் படித்தே ஒரு மாசம்தான் ஆகிறது. இந்தப் பிள்ளையைத்தான் தரையில் கிடத்த வேண்டுமாம். உலகம்மை மதினி போன வெள்ளிக்கிழமை வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். “ஏட்டி வடிவு, நம்ம குடும்பத்துல எந்தப் பிள்ளையும் அவளுக்குக் குடுத்து வாங்குன பிள்ளைதான். ஆவுடைய அப்படித்தான் வாங்குனோம், என்னையும் அப்படித்தான். அவ முன்னால கெடத்தணும். இந்தா, ஒம் பிள்ள, எனக்கு இல்லன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும். பூசாரி எடுத்து வச்சிருப்பாரு. அப்புறம் ஒரு படி தவிட்டக் குடுத்து வாங்கிக்கிடணும். தவிட்டுக்கு வாங்குன பிள்ள மேல அவளுக்கு ஆச வராது, கேட்டியா, அடுத்தவுக வெலைக்கு வாங்குன பொருள எடுக்க மாட்டா.” வடிவு, “மதினி, யாழினி இன்னும்...” என்று ஆரம்பித்தாள். யாழினி என்பது சான்றிதழில் இருக்கிற பெயர், வடிவு வைத்தது. மதினி அந்தப் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை, வந்த நாளிலிருந்து அவளுக்கு அது இசக்கிதான். “எங்க என் இசக்கி, எங்க என் ராசாத்தி” என்று வாங்கி, உச்சி மோந்து, பிள்ளையின் காலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதற்குமேல் அவளிடம் எப்படி மல்லுக்கட்டுவது? அப்பா அம்மா போன பிறகு ஆவுடையப்பனைக் கஞ்சி ஊற்றி ஆளாக்கினவள் அவள். அது போகட்டும். அவளுக்கே ஒரு தலைப்பிள்ளை இருந்தான். புகுந்த வீட்டில் படித்த மனுஷர்கள், இந்தத் தவிடு கிவிடெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆண்டு நிறைவுக்குள் ஒரு காய்ச்சல் வந்தது, பிள்ளை போய்விட்டான். காய்ச்சலுக்கும் தவிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளிடம் கேட்க முடியாது. கேட்டால் அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். வடிவு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டாவது தடவை பார்க்கத் தைரியம் இல்லை.

“ஒரு நிமிஷந்தான வடிவு” என்றார் ஆவுடையப்பன். அவருக்கென்ன. ஒரு நிமிஷம் என்றால் எவ்வளவு நீளம் என்று தரையில் கிடக்கிற பிள்ளையைக் கேட்க வேண்டும். மதினியின் பயம் ஒரு பக்கம், பிள்ளையின் பயம் ஒரு பக்கம், நடுவில் இவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. ஊதினாள். கண்ணிமை ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. எழுந்துவிடாதே தாயே, கொஞ்ச நேரம் கிட. நாலு மணியாக இன்னும் நேரம் இருக்கிறதா? சுவர்க்கடிகாரம் அவள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது, நிமிர்ந்தால் தெரியாது, எழுந்தால்தான் தெரியும். அதை அந்த இடத்தில் மாட்டியவர் ஆவுடையப்பன். தெருவில் ஒரு ஆட்டோ சத்தம் கேட்டது, நிற்காமல் போய்விட்டது. ஐஸ்காரனாக இருக்கும், இல்லை, ஐஸ்காரன் மணி அடிப்பான். தரை சூடாக இருக்குமே கோயிலில், நாலு மணிக்குக் கல்தளம் கொதிக்குமே, துண்டு விரிக்க விடுவார்களா? துண்டு. அந்தத் தொட்டிலிலும் துண்டில்தான் சுற்றியிருந்தது. நினைப்பு எங்கே போனாலும் கடைசியில் அந்தத் துண்டில் வந்து நின்றது.

இசக்கியை வடிவுக்குச் சின்ன வயசிலேயே தெரியும், பயந்த வகையில் தெரியும். கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும்போது வில்லடித்துக் கதை சொல்வார்கள், அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தன்னை நம்பி வந்த ஒருத்தியை ஒருவன் கள்ளிக்காட்டில் கொன்றுபோடுகிறான், நகைக்காக. அவள் அடுத்த பிறவியில் இசக்கியாகப் பழி வாங்க வருகிறாள். வருகிற வழியில் ஒரு கள்ளிக் கொம்பை முறித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் வந்து, இவன் என் புருஷன், இது எங்கள் பிள்ளை என்கிறாள். அவன் இல்லை இல்லை என்று அலறுகிறான். பிள்ளையை இறக்கிவிடுங்கள், யாரிடம் போகிறது பார்ப்போம் என்கிறார்கள். கள்ளிக் கொம்புப் பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து போய், அப்பா என்று கூப்பிட்டு, அவன் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் வில்லுக்காரர் மணியைக் குலுக்கி நிறுத்துவார், கூட்டத்தில் பொம்பளைகள் எல்லாம் மூக்கைச் சிந்துவார்கள். பிறகு ஊர் இருவரையும் ஒரே வீட்டில் வைத்துப் பூட்டுகிறது, ராத்திரி அவனைக் கொன்று பழி தீர்க்கிறாள். வடிவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. “யப்பா, அந்தப் பிள்ள என்னாச்சு?” என்று அப்பாவின் காதைப் பிடித்து இழுத்தாள். “எந்தப் பிள்ள?” “கள்ளிப் பிள்ள.” அப்பா யோசித்துவிட்டு, “வேல முடிஞ்சதும் கள்ளி கள்ளியாப் போயிருக்கும்ட்டி, தூங்கு” என்றார். அதைக் கேட்டு அவள் அழுத அழுகையில் அப்பா பாதிக் கதையில் எழுந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தவழ்ந்து போன பிள்ளையைக் கள்ளியாக்கினால் எப்படி? அதற்குக் கையும் காலும் வந்துவிட்டதே, அப்பா என்று கூப்பிட்டுவிட்டதே.

அகராதி வேலை என்று வந்த பிறகுகூட இசக்கி என்றதும் முதலில் அந்தக் கள்ளிப் பிள்ளைதான் ஞாபகம் வந்தது, யட்சி அப்புறம்தான் வந்தாள். பயந்துகொண்டும் இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை வந்த வாரம் பேச்சுவாக்கில் யாரோ சொந்தக்காரி, வடிவு காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, “என்ன இருந்தாலும் கள்ளிக் கொம்புல்லா” என்றாள். கேலிக்குச் சொன்னதா, சும்மா வாயில் வந்ததா, தெரியாது. அன்றைக்கு ராத்திரி தொட்டிலுக்குள் கையை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பைத்தியம்தான், தெரிகிறது. கால் சூடாக இருந்தது. இப்போதும் ஒரு விரலால் மெள்ள உள்ளங்காலைத் தொட்டாள். பிள்ளை காலை வெடுக்கென்று மடக்கி, தூக்கத்திலேயே அவள் வயிற்றில் ஒரு உதை விட்டது. நல்ல உதை. ஊர் இசக்கியை நினைத்துப் பார்த்தாள். சுதை உருவம்தான். சிவப்புச் சேலை, மஞ்சணைச் சாந்து பூசின முகம், கடைவாயில் பல், கையில் சூலம். இடது இடுப்பில் ஒரு பிள்ளை. இடுப்பில் ஒரு பிள்ளை! வடிவு சுவரிலிருந்து முதுகை எடுத்துவிட்டாள். வேலை முடிந்துவிட்டதே. பழி தீர்ந்துவிட்டது, அவன் செத்துவிட்டான், ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது, கதை முடிந்துவிட்டது. அப்புறமும் அவள் இடுப்பில் ஏன் பிள்ளை இருக்கிறது? கள்ளி கள்ளியாகவில்லை, அப்பா தெரியாமல் சொல்லிவிட்டார். அவள் பெறவில்லை, எங்கிருந்தோ எடுத்தாள், ஒரு காரியத்துக்காகத்தான் எடுத்தாள், ஆனால் இடுப்பில் ஏறிய பிறகு அவளால் இறக்கி வைக்க முடியவில்லை. சேலை மாற்றுகிறார்கள், வருஷா வருஷம் வர்ணம் அடிக்கிறார்கள், பிள்ளையை மட்டும் அவள் கீழே விடுகிறதில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இத்தனை பொம்பளைகள் அவளிடம் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். தானே எடுத்து வளர்க்கிறவளுக்குத்தானே கேட்கிறவள் வலி தெரியும்.

வந்தவள்தான். இருந்துவிட்டுப் போகட்டும். யட்சி என்றே போட்டுவிடலாம், சான்று அதுக்குத்தான் இருக்கிறது, பொய் எதற்கு? எங்கிருந்தோ நடந்து வந்தாள், வந்த இடத்தில் பேர் மாறினாள், முகம் மாறினாள், பத்து வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு இசக்கிமுத்து என்றும் இசக்கியம்மாள் என்றும் அவள் பெயரை வைக்கிற அளவுக்கு இந்த ஊர்க்காரி ஆனாள். மூலம் என்ற கட்டத்தில் வந்த வழியை எழுதினால் அவள் ஒன்றும் குறைந்துபோகப் போவதில்லை. எதிர்வீட்டு டீச்சரிடமும் சொல்லிவிடலாம், ஆமாம் டீச்சர், தொட்டிலில் கிடந்த பிள்ளைதான், யாரோ வசம்பு கட்டி அனுப்பி வைத்தார்கள் என்று. நினைத்ததும் நெஞ்சில் என்னவோ இளகியது, இவ்வளவு நாளும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. யாரோ. அந்த யாரோவை அவள் இதுவரை சரியாக நினைத்துப் பார்த்ததில்லை, பயம்தான், நினைத்தால் வந்துவிடுவாளோ என்ற பயம். இப்போது பார்த்தாள். விடியும் நேரம். கையில் துண்டுச் சுருள். வசம்பு வளையல் நழுவாமல் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்திருப்பாள். கிடத்தினாள். திரும்பிப் பார்க்காமல் போனாளா, இல்லை, எதிரே ஏதாவது மரத்தடியில் நின்று, யாராவது வந்து எடுக்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனாளா? நின்றுதான் இருப்பாள். நின்றிருப்பாள் தாயே, கட்டாயம் நின்றிருப்பாள். வடிவுக்குக் கண்ணீர் வந்து மூக்கின் ஓரமாக இறங்கியது. துடைக்க முடியவில்லை, ஒரு கை பிள்ளையின் தலைக்குக் கீழே இருந்தது, இன்னொரு கையை எடுத்தால் கயிறு இழுபடும். இந்தா, ஒன் பிள்ளை, எனக்கு இல்லை என்று சொல்லவேண்டியதை அந்தத் தாய் அன்றைக்கே சொல்லிவிட்டாள். வடிவு சொல்வதற்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை.

ஆட்டோ இந்தத் தடவை நின்றது. செருப்புச் சத்தம், கதவு, “வடிவு, கெளம்பலையா?” என்கிற குரல், எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. ஆவுடையப்பன் கடையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுவாராம், மதினி மட்டும்தான் வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் மஞ்சப்பை. பிள்ளை தூங்குகிறது என்று கண்டதும் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து எதிரே வந்து குந்தினாள். “ஏன், அழுதியா?” என்றாள் மெதுவாக.

“மதினி, நான் இவள வைக்க மாட்டேன்.”

மதினி பையைத் தரையில் வைத்தாள். தவிட்டு வாசனை வீடெல்லாம் பரவியது. வடிவு நிறுத்தவில்லை. “கோயிலுக்கு வாறேன். இசக்கி முன்னால நிக்கேன். தவிடும் குடுக்கேன். கெடத்த மட்டும் மாட்டேன். இவள ஒருத்தி ஏற்கெனவே கெடத்திட்டா மதினி. வசம்பு கட்டிக் கெடத்திட்டுப் போயிட்டா. எனக்கு இல்லன்னு குடுத்தாச்சு. ஒரு பிள்ளைய எத்தன தடவதான் வைக்கிறது? எடுக்கதுதான் பாக்கி. அத மட்டும் நான் செய்யுதேன்.”

உலகம்மை மதினியின் கை சேலைத் தலைப்பைத் தேடியது. வாய் வரைக்கும் கொண்டுபோனாள். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள், ஐயோ, இவள் மனசைப் புண்ணாக்கிவிட்டோமே, செத்துப்போன பிள்ளையைக் கிளறிவிட்டோமே. கண்ணைத் திறந்தபோது மதினி தலைப்பால் வடிவின் மூக்கோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அது எனக்குத் தோணல பாத்தியா” என்றாள். “இம்புட்டு நாளா வாறேன், போறேன். அந்த வளையலயும் பாக்கேன். எனக்குத் தோணவே இல்ல.” பேச்சுக்குப் பிள்ளை விழித்துவிட்டது. விழித்து, மதினியைப் பார்த்தது, வடிவைப் பார்த்தது, கயிற்றை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

“சரி, எந்திரி. நேரமாச்சு.”

எந்திரிக்கத்தான் முடியவில்லை. கால் இரண்டும் அவளுடையவையாகவே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றினாள், பிள்ளை சரிந்தது, பிடித்துக்கொண்டாள். மதினி இரண்டு கையையும் நீட்டினாள். “இங்க தா. நீ மொதல்ல எந்திரி.” தரையில் இல்லையே, கையில்தானே. வடிவு கயிற்றைப் பிள்ளையின் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துத் தூக்கிக் கொடுத்தாள். உடனே பிள்ளை ஆரம்பித்துவிட்டது. மதினியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, முகம் சிவக்க, இரண்டு கையையும் வடிவைப் பார்த்து நீட்டிக் கத்தோ கத்தென்று கத்தியது. வடிவு சுவரைப் பிடித்து எழுந்து, மரத்த காலைத் தரையில் உதறி உதறி ஓரடி வைத்துக் கையை நீட்டினாள்.

மதினி கொடுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, வலது கையை வெறுமனே நீட்டினாள். பிச்சிப்பூ ஒரு பக்கமாகச் சரிந்து, கண் இரண்டும் நிறைந்து, வாயில் ஒரு சிரிப்பு.

“தவிடு எங்கட்டி?”

வடிவு குனிந்தாள். மஞ்சப்பைக்குள் கையை விட்டு அள்ளினாள், அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. மிச்சத்தை மதினியின் உள்ளங்கையில் வைத்தாள். மதினி விரல்களை இறுக மூடிக்கொண்டு, வாசலுக்கு அப்பால் எங்கேயோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

“பாத்துக்க தாயி. வாங்கியாச்சு.”

அப்புறம்தான் பிள்ளையைக் கொடுத்தாள். பிள்ளை வடிவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகையை நிறுத்தியது.